மூணு ஊரு மெஷினும் மூணாவது லைனும்

ஷூ ஃபேக்டரியில கம்ப்யூட்டர் பார்க்கிற வேலையில ஒரு விசேஷம் உண்டு: எது ஓடலைன்னாலும் உங்களைத் தான் தேடுவாங்க, எல்லாம் ஒழுங்கா ஓடினா உங்க ஞாபகமே யாருக்கும் வராது.

நான் தினம் காலையில ஜோலார்பேட்டையில ரயில் ஏறி ஆம்பூருக்கு வந்து இந்த வேலையைத் தான் பார்க்கிறேன். பேரு தேவகி. ஆனா அந்தப் பேரு என் ஐடி கார்டுல மட்டும் தான் இருக்கு. மத்தபடி நான் சிஸ்டம் மேடம். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் சிஸ்டம் மேடம், பாத்ரூம்ல பைப் ஒழுகினாலும் சிஸ்டம் மேடம். இதைப் படிக்கிறவங்கள்ல யாராச்சும் இதே வேலையில இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நம்ம பேஜார் நமக்குத் தானே தெரியும்.

எங்க கம்பெனிக்கு மூணு ஊர்ல யூனிட். பேரணாம்பட்டுல டேனரி, தோலைப் பதம் பண்ணிக் கலர் ஏத்தறது அங்க. ராணிப்பேட்டையில டிசைன். ஆம்பூர்ல வெட்டறதும் தைக்கிறதும். டிசைன் வெளியே போய்டக் கூடாதுன்னு வெளிநாட்டுப் பார்ட்டி கண்டிஷன் போட்டிருக்கு. அதனால காலையில கேட்லயே எல்லார் போனையும் வாங்கி வெச்சுடுவாங்க. டிசைன் ஃபைலும் வெளி நெட்ல ஏறக் கூடாது, கம்பெனியோட தனி லைன்ல தான் போகணும். பென் டிரைவ் சொருகற ஓட்டையைக் கூட சீல் வெச்சு மூடிட்டாங்க.

அப்போ மூணு ஊரும் எப்படிப் பேசிக்கிறது? அதுக்குத் தான் நியூஸ்குரூப்னு ஒரு பழைய ஏற்பாடு. ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு மெஷின் இருக்கு. அதுக்குள்ள பொது, கட்டிங், டேனரி, டிசைன்னு தனித்தனி குரூப். ஆம்பூர் மெஷின்ல ஒரு சேதி போட்டா, அது பக்கத்து மெஷினுக்கு ஒரு காப்பி குடுக்கும், அது அடுத்ததுக்கு ஒரு காப்பி குடுக்கும். லைன் அறுந்திருந்தா வெச்சிருந்து, வந்தப்புறம் குடுக்கும். பதில் எழுதினா கேள்விக்குக் கீழேயே போய் உக்காந்துக்கும். விஷயம் இவ்ளோ தான். இதைப் புரிய வெக்கிறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சுப் போச்சு.

இதெல்லாம் நடந்த சமயத்துல எங்க ஸ்டிச்சிங்ல மூணாவது லைன் மூடிக் கிடந்தது. ஆர்டர் கம்மி. புது பூட்ஸ் ஆர்டர் ஓகே ஆனதும் கூப்பிடறோம்னு சொல்லி, தைக்கிற பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லைன் லீடர் ஜெசிந்தாக்காவை மட்டும் பேக்கிங்ல வெச்சிருந்தாங்க. தினம் டீ டைம்ல என் ரூம் கதவுல தலையை நீட்டி, "வந்துச்சா மேடம்?"னு கேப்பாங்க. இன்னும் இல்லைன்னு சொன்னா முகம் சுருங்கிப் போய்டும். "இன்னும் லேட் ஆனா பொண்ணுங்க பெங்களூருக்கு வேலைக்குப் போய்டுவாங்க. அப்புறம் லைனைத் திறந்து யாரை உக்கார வெக்கிறது?"

கல்யாண லீவு

கட்டிங் மேஸ்திரி ஏகாம்பரம் தங்கமான மனுஷர். தோலைக் கையில குடுத்தா பிரமாதமா வெட்டுவார். கீபோர்டைக் கையில குடுத்தா தான் வம்பு. மச்சான் கல்யாணத்துக்குக் கலவைங்கிற ஊருக்குப் போகணும், லீவு வேணும்னு ஜி.எம். சாருக்கு எழுதறதா நினைச்சு, பொது குரூப்புல போட்டுட்டார். அதுவும் சும்மா இல்ல. மண்டபம் பேரு, முகூர்த்த நேரம், எந்த ஸ்டாப்பிங்ல இறங்கணும்கிறது வரைக்கும் எழுதியிருந்தார். அப்போ தான் நம்பி லீவு குடுப்பாங்களாம்.

கொஞ்ச நேரத்துல வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், அதைத் திருப்பி எடுக்கச் சொல்லி. எடுக்கலாம். அதை அழிச்சுடுன்னு பின்னாடியே இன்னொரு சேதி அனுப்பினா மெஷின் அழிச்சுடும். ஆனா அதுக்குள்ள மூணு ஊர்லயும் படிச்சு முடிச்சுட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு வந்தவர் நேரா என் ரூமுக்குத் தான் வந்தார். டேனரியில இருந்து ஒரு வேன் நிறைய ஆளுங்க வந்து முதல் பந்தியிலயே உக்காந்துட்டாங்களாம். "லீவு குடுக்க வேண்டியவரு ஒரு வார்த்தை பதில் போடலை. கூப்பிடாதவங்க எல்லாம் வந்து சாப்ட்டுட்டு, ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போறாங்க மேடம்."

சாம்பார் சரியான விதம்

மெஷின்ல இடம் பத்தாது. அதனால ஒரு மாசம் ஆன சேதி எல்லாம் தானா அழிஞ்சுடற மாதிரி வெச்சிருக்கேன். இந்த விஷயத்தை நான் எல்லாருக்கும் சொன்னேன், காதுல வாங்கிக்கிட்டது ஒரே ஒருத்தர். அவர் எங்க கேன்டீன்காரர்.

சாம்பார்ல பருப்பைத் தேட வேண்டியிருக்குன்னு ஸ்டிச்சிங்ல ஒருத்தங்க போட்டாங்க. அதுக்குக் கீழே ஆமாம், ஆமாம்னு வரிசையா பதில் தொங்குது. மனுஷன் பதிலும் போடலை, பருப்பும் போடலை. மொத்தமும் அழிஞ்ச அன்னிக்கு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு என் ரூமுக்கு வந்து, ஸ்கிரீனைக் காட்டச் சொல்லி மேலயும் கீழயும் பார்த்தார். "கம்ப்ளெயின்ட் எங்க மேடம்? ஒண்ணையும் காணோமே. அப்போ சாம்பார் சரியாய்டுச்சுன்னு தானே அர்த்தம்?"

மூணு லாரி

பேரணாம்பட்டு டேனரியைப் பார்த்துக்கிறவர் அன்வர் பாய். பெரிய குரல், பெரிய மனசு, பொறுமை மட்டும் கம்மி. ஒரு நாள் அவர் ஊர்ல லைன் போயிருந்தது. அது தெரியாம 'தோல் ரெடி, லாரி அனுப்பவும்'னு போட்டிருக்கார். பதில் வரலை. மறுபடி போட்டார். அப்பவும் வரலை. இன்னொரு தடவையும் போட்டார். மெஷின் பாவம், எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருந்து, லைன் வந்ததும் மொத்தமா ஆம்பூருக்கு அனுப்பிடுச்சு. ஒரே சேதி ரெண்டு வழியில வந்தா மெஷின் கண்டுபிடிச்சு ஒண்ணைத் தள்ளிடும். ஆனா நீங்களே திரும்பத் திரும்பப் போட்டா, அது ஒவ்வொண்ணையும் புதுசுன்னு தான் எடுத்துக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் டேனரி வாசல்ல மூணு லாரி வரிசையா நின்னுது. ஏத்தறதுக்கு இருந்த தோல் ஒரு லாரிக்கே முழுசா இல்ல. நான் எங்க டிரான்ஸ்போர்ட்காரரைக் கூப்பிட்டு, ஒரே மாதிரி இருக்குதே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதான்னு கத்தினேன். அவர் அலட்டிக்கவே இல்ல. "ஒரு தடவை கேட்டா ஒரு லாரி, மூணு தடவை கேட்டா மூணு லாரி. இதுல நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க?"

சாக்லேட் கலர்

புது பூட்ஸுக்குச் சாக்லேட் கலர் கேட்டிருந்தாங்க. கலர் முடிவானா தான் அடுத்த வேலை நகரும், ஜெசிந்தாக்காவோட லைன் திறக்கறதும் அதுக்கு அப்புறம் தான். அன்வர் பாய் தோலை கம்ப்யூட்டர் கேமராவுலயே போட்டோ எடுத்து டேனரி குரூப்புல போட்டார். ராணிப்பேட்டையில இருக்கிற டிசைனர் சேகர், இது சிவப்பு அடிக்குதுன்னு பதில் போட்டார். ஏகாம்பரம், கறுப்பு அடிக்குதுன்னு போட்டார். இன்னொருத்தர் இது காப்பிக் கலர்னார். காப்பின்னா பாலோட காப்பியா, கடுங்காப்பியான்னு அதுக்குக் கீழே ஒரு கிளைக் கதை ஓடுச்சு. அவங்கவங்க ஸ்கிரீன்ல அவங்கவங்க கலர் தெரியுதுன்னு நான் ஒரு சேதி போட்டேன். அதை ஒருத்தரும் மதிக்கலை.

சண்டை வாரக் கணக்குல போச்சு. கடைசியில அன்வர் பாய் பொறுமை இழந்து, ஒரு முழுத் தோலைச் சுருட்டிக்கிட்டு பஸ் ஏறி ராணிப்பேட்டைக்கே போய், சேகர் டேபிள் மேல விரிச்சுப் போட்டார். பார்த்த உடனே ஓகே. இவ்ளோ நாளா நீங்க குரூப்புல என்ன தான் பார்த்தீங்கன்னு நான் சேகரைக் கேட்டதுக்கு, அவர் அன்வர் பாய் சொன்னதை அப்படியே சொன்னார். "தோல் கலர் பார்க்கணும்னா தோலைத் தடவிப் பாரு தோஸ்த். டி.வி.யைத் தடவிட்டு என்னைத் திட்டாதே."

படிக்கிறவர்

குரூப்புல எழுதறவங்க கொஞ்சம், எழுதாம படிக்கிறவங்க நிறைய. எங்க ஜி.எம். சார் ரெண்டாவது ரகம். யார் எதைக் கேட்டாலும் பதில் வராது. அதனால அவர் படிக்கிறதே இல்லைன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நாள் சேகர் தைரியமா, 'ஜி.எம். ரவுண்டு வர்றதுக்குள்ள வெளியே போய் ஒரு டீ அடிச்சுட்டு வரலாம், யார் வர்றீங்க?'னு பொது குரூப்புல போட்டார். அன்னிக்கு ஜி.எம். சார் ராணிப்பேட்டையில தான் இருந்தார். எனக்குத் தெரிஞ்சு அவர் முதல் முதலா போட்ட பதில் அதுக்குக் கீழே வந்து உக்காந்தது: "எனக்கும் ஒண்ணு."

லாட்டுக்கு மேல

கலர் முடிஞ்சு, பூட்ஸோட டிசைன் ஃபைல் வர வேண்டிய நாள் வந்தது. அன்னிக்கே ஆம்பூர்ல வெட்டித் தைச்சு, சாயங்காலம் கிளம்பற வண்டியில சாம்பிளைச் சென்னையில இருக்கிற பார்ட்டி ஆபீஸுக்கு அனுப்பணும். வண்டியை விட்டா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போய்டும், மூணாவது லைனை மறந்துட வேண்டியது தான்.

பெரிய ஃபைல் குரூப்புல முழுசா போகாது. துண்டு துண்டா வெட்டி நம்பர் போட்டு அனுப்பணும், வாங்கறவங்க ஒட்டிக்கணும். வழியில ஒரு துண்டு தொலைஞ்சாலும் ஃபைல் சேராது. அதுக்காக சேகர் கூடவே கொஞ்சம் ரிப்பேர் துண்டும் போடுவார். எந்தத் துண்டு வரலையோ, அதை இந்த ரிப்பேர் துண்டை வெச்சு மெஷினே திரும்பச் செஞ்சுக்கும். துண்டெல்லாம் வரிசையா வராது. அன்னிக்கு ரிப்பேர் துண்டு எல்லாம் முன்னாடியே வந்து உக்காந்துடுச்சு. நம்பர் துண்டுல ரெண்டு மூணு பாக்கி இருந்தப்போ, ஹைவேயில பள்ளம் தோண்டின பொக்லைன் எங்க கேபிளை அறுத்துடுச்சு. ஆம்பூர் மெஷினுக்கு வெளியுலகமே இல்ல.

நான் பதறலை. ரிப்பேர் துண்டு தான் இருக்கே. போய்ப் பார்த்தா, இல்ல. கட்டிங் குரூப்பைச் சுத்தம் பண்றது ஏகாம்பரம் பொறுப்பு. கட்டிங் டேபிள்ல ஒரு சட்டம் உண்டு: ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை வெட்டற கணக்குக்கு, உண்டான துண்டை எண்ணிக் கட்டினதும், மிச்சம் ஒண்ணு கூட டேபிள்ல இருக்கக் கூடாது, இருந்தா அடுத்த லாட்ல கலந்துடும். அவர் இருபது வருஷமா கடைப்பிடிக்கிற சட்டம் அது. கணக்குல வராத துண்டு நாலஞ்சு கிடக்குதேன்னு ஆம்பூர் மெஷின்ல மட்டும் சுத்தமா அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. சரியா அந்த நேரம் ஜெசிந்தாக்கா கதவுல தலையை நீட்டி, வந்துச்சான்னு கேட்டாங்க. ஏகாம்பரம் தான் சொன்னார். "வந்துச்சும்மா. ஜாஸ்தியா வந்துடுச்சேன்னு நான் தான் கோணியில போட்டுக் கொட்டிட்டேன்."

கேட்ல நிறுத்தின சர்வர்

ராணிப்பேட்டையில இருந்து யாராச்சும் எடுத்துக்கிட்டு வரலாம்னா, பள்ளம் தோண்டின ஹைவேயில வண்டியெல்லாம் நின்னுக்கிட்டு இருந்தது. அப்போ தான் எனக்கு உறைச்சது. குரூப்புல போட்டா எல்லா மெஷினுக்கும் ஒரு காப்பி போகுமே. டேனரியில பூட்ஸ் டிசைனை வெச்சு ஒண்ணும் பண்ணப் போறதில்ல, ஆனாலும் அந்த மெஷின்ல அது இருக்கும். ஜி.எம். சார் கேட்டுக்கு ஓடிப்போய், வாங்கி வெச்சிருந்த போன்ல டேனரி கேட்டுக்கு அடிச்சு, அன்வர் பாயைக் கூப்பிடச் சொன்னார். பார்த்துச் சொன்னார் பாய்: நம்பர் துண்டு ஒண்ணு ரெண்டு குறையுது, ரிப்பேர் துண்டு முழுசா இருக்கு. வெளி நெட்ல அனுப்பக் கூடாது, பென் டிரைவும் சொருக முடியாது. "மெஷினையே தூக்கிட்டு வந்துடுங்க பாய்"னு சொல்லிட்டார் ஜி.எம்.

அன்வர் பாய் மெஷினைக் கழட்டி, நல்ல சாக்லேட் கலர் தோல் ஒண்ணுல சுத்தி, ஸ்கூட்டர்ல கால் வெக்கிற இடத்துல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு, உமராபாத் வழியா வந்து சேர்ந்தார். முகமெல்லாம் புழுதி. நாங்க உள்ளே மணியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம், அவர் கேட்லயே நிக்கிறார். எங்க செக்யூரிட்டி உள்ளே விடலை. நான் ஓடிப்போய்ப் பார்த்தா, பாய் கத்தறார், செக்யூரிட்டி அசையாம நிக்கிறார். "போனையே உள்ளே விடறதில்ல மேடம். இவரு முழு கம்ப்யூட்டரையும் கட்டிக்கிட்டு வந்து, வழி விடுன்னா எப்படி?"

இடது கால், வலது கால்

ஜி.எம். சார் வந்து கையெழுத்துப் போட்டு ஒரு வழியா உள்ளே கொண்டு வந்தோம். ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ஒயரால இணைச்சேன். ரெண்டும் எப்பவும் பேசிக்கிற மாதிரியே பேசிக்க ஆரம்பிச்சுதுங்க. என்கிட்ட இது இருக்கு, உனக்கு வேணுமான்னு ஒண்ணு கேக்கும். குடுன்னு இன்னொண்ணு சொல்லும். ஆனா முதல்ல வந்தது பூட்ஸ் இல்ல. பொது குரூப்புல காலையில இருந்து தேங்கிக் கிடந்த வெட்டிப் பேச்சு எல்லாம் வரிசையா வந்தது. யாரோ குடையைத் தொலைச்சுட்டாங்க, யாரோ பூனைக்குட்டி வேணுமான்னு கேக்கறாங்க. ஜெசிந்தாக்கா என் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் துண்டுங்க வந்தது. ரிப்பேர் துண்டை வெச்சு, இல்லாததை மெஷினே செஞ்சு முடிச்சது. ஃபைல் சேர்ந்துடுச்சு. வெட்டற மெஷின்ல ஏத்தி, தோலை விரிச்சோம். ஜெசிந்தாக்கா கேட்டுக்குப் போய் போன் பண்ணி, பக்கத்துல இருந்த ரெண்டு பொண்ணுங்களை வரவழைச்சாங்க. மூடிக் கிடந்த லைன்ல மூணு பேரும் உக்காந்து தைச்சாங்க. வண்டி கிளம்பற நேரத்துக்கு பூட்ஸ் பெட்டிக்குள்ள போச்சு. ஏகாம்பரம் மட்டும் என் டேபிளை விட்டு நகரலை. "எந்தத் துண்டு இல்லைன்னாலும் அந்த ஒரே துண்டு போதும்னு சொல்றீங்களே மேடம், நம்ம கட்டிங்ல இடது கால் துண்டை வலது காலுக்கு வெச்சா அடிக்க வருவாங்களே?"

முதல் போஸ்ட்

அடுத்த வாரம் சேகர் டிசைன் குரூப்புல ஒரே வரி போட்டார், பூட்ஸ் ஓகேன்னு. மூணு ஊர்ல இருந்தும் கீழே கீழே பதில் வந்துக்கிட்டே இருந்தது. நான் பேக்கிங்குக்கு ஓடிப்போய் ஜெசிந்தாக்காகிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தா, அவங்களுக்கு வேற கவலை. ரெண்டு மூணு பொண்ணுங்க பெங்களூருல ரூம் பார்க்கறதா கேள்விப்பட்டாங்களாம். கேட்டுக்குப் போய் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாங்க. சில பேர் எடுத்தாங்க, சில பேர் எடுக்கலை. திங்கக்கிழமை லைன் திறக்குது, யார் வருவாங்க, யார் வர மாட்டாங்கன்னு தெரியலைன்னு சொல்லிட்டுப் போனாங்க.

திங்கக்கிழமை பார்த்து ரயில் லேட். நான் உள்ளே நுழையும்போது ஷிஃப்ட் ஆரம்பிச்சு ரொம்ப நேரமாய்டுச்சு. மெஷினைத் திறந்தா, பொது குரூப்புல ஜெசிந்தாக்கா பேர்ல ஒரு கம்ப்ளெயின்ட். குரூப்புல அவங்க எழுதினது அதுவரைக்கும் கிடையாது. நான் அதைப் படிச்சுட்டு, யாரும் இல்லாத ரூம்ல தனியா உக்காந்து சிரிச்சேன், கண்ணையும் தொடைச்சுக்கிட்டேன். அவங்க எழுதினது இது தான்: "மூணாவது லைன்ல ஃபேன் ஓடலை. சீக்கிரம் ஆள் அனுப்புங்க. ஒருத்தர் விடாம எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க, வேர்க்குது."

மூணு ஊரு மெஷினைப் பேச வெக்கிறது ஒரு ஒயரு வேலை தான், அதுக்கப்புறம் மூணு ஊரு மனுஷங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கத் தான் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க.